அக்கா நம்பிய கெட்டுப்போன படம்

1

காரைக்குடிப் பக்கம் முதன்முதலாக ரயில் ஓடிற்று என்ற செய்தி பினாங்குக்கு வந்து ஒரு வருஷம் போயிருக்கும். அடுத்து வந்த ஆடி மாதத்தில் நான் செத்துப்போனேன். ரயில் ஓடியதையும் நான் பார்க்கவில்லை, செத்ததையும் பார்க்கவில்லை. இரண்டும் ஊரிலிருந்து கடிதம் வந்துதான் எனக்குத் தெரிந்தது.

ரயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டு வருகிறேன். நான் பிழைப்புக்குக் கிளம்பிய காலத்தில் கண்டனூரிலிருந்து மாட்டு வண்டியில் போய்த்தான் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினோம். செட்டியார் வீட்டுச் சமையலுக்கு எடுபிடியாக என்னைக் கூட்டிப் போனார்கள். வண்டியில் எனக்குப் பக்கத்தில் மாவடு ஜாடி. "ஜாடி ஒடஞ்சா ஒன்னய அங்கேயே எறக்கி விட்டுருவேன்" என்று செட்டியார் சொல்லிவிட்டார். வழி முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். ரயிலில் ஜாடி ஆடாதாமே. கொடுத்து வைத்தவர்கள். சரி, செத்த கதைக்கு வருகிறேன்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் பக்கத்துத் தையல்கடைக்காரர். எனக்கு எழுத்துத் தெரியாது. பல வருஷம் செட்டியார் கிட்டங்கியில், அதாவது அவர்கள் கொடுக்கல் வாங்கல் நடத்திக்கொண்டு அங்கேயே தங்கியிருக்கும் நீளவீட்டில், சமைத்துப் போட்டேன். பிறகு சொந்தமாக ஒரு சாப்பாட்டுக்கடை. இந்த ஊரில் தெருவில் நின்று "கருப்பையா" என்று கூப்பிட்டால் நாலைந்து பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்களில் இன்னொருவரும் சமையல்காரர். அந்த மனுஷன் ஆடியில் காய்ச்சலில் போய்விட்டார். நல்லவர், சாம்பாரில் மட்டும் வெல்லம் போடுவார். அவர் செத்ததை இங்கிருந்து ஊருக்குப் போன ஒருவர் கண்டனூர்ச் சந்தையில் சொல்லியிருக்கிறார். "பினாங்குல சமையக்காரர் கருப்பையா செத்துட்டாக." அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் செய்தி என் அக்கா வீட்டு வாசலுக்குப் போய்விட்டது.

அக்கா பெயர் ராக்கம்மா. கண்டனூருக்குத் தெற்கே எங்கள் பட்டியிலேயே வாழ்க்கைப்பட்டவள். அவள் கடைசி மகள் பொன்னழகுக்கு வருகிற தையில் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். செய்தி கேட்டதும் அக்கா ஒரே பிடியாகச் சொல்லிவிட்டாள், தாய்மாமன் செத்த வருஷத்தில் இந்த வீட்டில் மேளம் கொட்டாது என்று. மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள். ஒரு வருஷம் காத்திருக்க முடியாது, வேறு இடம் பார்ப்போம் என்றார்களாம். அத்தான் பயந்துபோய், உயிரோடு இருந்தால் பதில் போடு என்று எனக்கு எழுதச் சொன்னார்.

செத்தவனுக்குக் கடிதம் எழுதிய மனுஷன் என் அத்தான் ஒருவர்தான் இருப்பார். உடனே பதில் போட்டேன். அக்கா நம்பவில்லை. அவள் மேல் தப்பில்லை. இத்தனை வருஷமும் என் கடிதத்தை ஒருமுறை கணக்கப்பிள்ளை எழுதினார், ஒருமுறை கோயில் பண்டாரம், இப்போது தையல்கடைக்காரர். கணக்கப்பிள்ளை எழுதினால் நான் பெரிய மனுஷன் மாதிரிப் பேசுவேன். பண்டாரம் எழுதினால் வரிக்கு வரி முருகன் வருவான். அக்கா கேட்டாளாம்: "எழுதத் தெரியாத பயலோட கடுதாசிய எவன் வேணாலும் எழுதலாம்ல? எந் தம்பி எங்கிட்ட 'தேவரீர்'னு பேசுவானாக்கும்?"

2

என் மகன் சண்முகம் துறைமுகத்தில் குமாஸ்தா. இங்கேயே பிறந்தவன். தமிழில் தொடங்கி மலாயில் நடுவுக்குப் போய் இங்கிலீஷில் முடிப்பான். சோறு கேட்கும்போது மட்டும் முழுக்கத் தமிழ். அவன் சொன்னான், "அப்பா, சர்க்கார் ஆபீஸ்ல ஒரு சர்ட்டிபிகேட் வாங்கி அனுப்பிட்டா முடிஞ்சது."

போனோம். அங்கே இருந்த குமாஸ்தாவும் தமிழர்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"யார் செத்தது?"

"நான்தான்."

"விளையாடாதீங்க பெரியவரே. வரிசை நிக்குது."

சண்முகம் விவரம் சொன்னான். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "செத்தவங்களுக்குச் சீட்டு உண்டு. பிறந்தவங்களுக்குச் சீட்டு உண்டு. நடுவுல இருக்கறவங்களுக்கு இங்க ஒண்ணும் கிடையாது. பிறந்த சீட்டு இருந்தா கொண்டு வாங்க, யோசிக்கலாம்."

"எங்க ஊர்ல சீட்டு வாங்கிட்டா பொறக்குறாக?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். சீட்டு மட்டும் வரவில்லை. வந்திருந்தாலும் அக்காவுக்கு முத்திரை குத்திய காகிதம் என்றாலே ஆகாது. நிலத்தை அளக்க வருகிறவன்தான் அதைக் கொண்டு வருவான் என்பாள்.

நானே நேரில் போய் நிற்கலாம்தான். முழங்கால் இடம் கொடுக்கவில்லை, கப்பல் ஏணியை நினைத்தாலே வலிக்கிறது. என்னைப் படம் பிடித்து அனுப்பலாம் என்றாள் என் பெண்டாட்டி அஞ்சலை. அவளும் இங்கே பிறந்தவள்தான். யோசித்துப் பார்த்தேன். அக்கா என்னைக் கடைசியாகப் பார்த்தது ஜெர்மன் சண்டைக்கு முன்னால், அம்மா செத்தபோது. அப்போது குடுமி இருந்தது, பல் இருந்தது, தொந்தி இல்லை. இப்போது கணக்கு நேர்மாறு. இந்தக் கிழவனைக் காட்டினால் "இது யாரு, பண்டாரமா?" என்பாள்.

முகம் மாறிவிட்டது. மாறாதது எது என்று யோசித்தபோதுதான் தகரப்பெட்டி நினைவு வந்தது.

அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது. பூட்டுத் துருப்பிடித்துப் போயிருந்தது. சண்முகம் சுத்தியலால் ஒரு போடு போட்டான். உள்ளே, நான் கப்பல் ஏறும்போது கொண்டுவந்த சின்னக் கொட்டான். அக்கா பனையோலையில் பின்னியது. மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், அவள் பின்னுவதே அப்படி. மூடியைத் திறந்தேன். கண்டனூர் வாசனை வரும் என்று நினைத்தேன். கரப்பான் பூச்சி வந்தது.

ஒரு பம்பரம். அந்தக் காலத்தில் கண்டனூரில் செட்டியார்கள் பெரிய வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா அங்கே சுண்ணாம்பு அரைக்கப் போனார். பர்மாத் தேக்கில் தூண் இழைத்தது போக மிஞ்சிய துண்டில் தச்சர் எனக்குக் கடைந்து கொடுத்த பம்பரம் அது. ஊரில் மற்றப் பையன்களுடையது கொய்யாக்கட்டை. என்னுடையது அரண்மனைத் தூணின் தம்பி. அடுத்து, அதே வீட்டில் உடைந்துபோன பூப்போட்ட தரைக்கல்லில் ஒரு துண்டு. பாண்டி ஆட அக்கா வைத்திருந்த சில்லு. அந்தச் சில்லு கட்டத்தின் கோட்டில் விழுந்ததா உள்ளே விழுந்ததா என்று எத்தனை சண்டை! நான் கிளம்பிய அன்று, "இனி யாருகூடச் சண்டை போட, நீயே வச்சுக்க" என்று என் கையில் திணித்தாள். பிறகு ஐயனார் கோயில் மண்குதிரையின் ஒரு காது. புரவி எடுப்பில் குதிரையைத் தூக்கிக்கொண்டு போகும்போது உடைந்து, அக்காவின் தலையில் விழுந்த காது. இன்னும் அவள் உச்சியில் தழும்பு இருக்கும்.

சண்முகம் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தான். "இதுக்கா அப்பா பூட்டு?" என்றான்.

"இத வெளியில வேற எவனும் அறிய மாட்டான்டா. எனக்கும் எங்க அக்காவுக்கும்தான் தெரியும். இதப் படம் புடிச்சு அனுப்பினா, அனுப்பினவன் நான்தான்னு அவ நம்புவா."

"சாமானையே அனுப்பிட்டா?"

எனக்கு மனசு வரவில்லை. கப்பலில் தொலைந்தால்? அது மட்டுமில்லை. சாமான் மட்டும் ஊருக்குத் திரும்பினால் ஆள் இல்லை என்றுதானே அர்த்தம்?

3

படப்பெட்டி எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆட்களைக் குறைத்த சமயம். என் கடையில் சாப்பிட்ட கொத்தமங்கலத்துக்காரர் ஒருவர் வேலை போய் ஊருக்குக் கிளம்பினார். என் மிளகு ரசத்துக்கு ஈடாக இந்தாரும் என்று ஒரு கறுப்புப் பெட்டிக் கேமராவைக் கொடுத்துவிட்டுப் போனார். "சூரியன் ஒங்க முதுகுப் பக்கம் இருக்கணும். பெட்டிய வயித்துல அணைச்சுப் புடிங்க. மூச்ச விடாம இந்த முளைய அமுக்குங்க. அம்புட்டுத்தான்." அவர் சொன்னது அம்புட்டுத்தான். சொல்லாமல் விட்டது நிறைய.

கடையின் பின்முற்றத்தில் சாமான்களைப் பரப்பினேன். நன்றாகத் தெரிய வேண்டுமே என்று பெட்டியைக் கிட்டே, இன்னும் கிட்டே கொண்டுபோய், பம்பரத்துக்கு முத்தம் கொடுக்கிற மாதிரி வைத்து அமுக்கினேன். சுருள் முழுவதையும் அப்படியே முடித்தேன். படம் கழுவிக் கொடுப்பவர் எங்கள் தெருக்கோடியில் கடை வைத்திருக்கும் சீனர். மறுநாள் படங்களை நீட்டினார். எல்லாவற்றிலும் மேகம். ஒரு மேகம் கொஞ்சம் உருண்டையாக இருந்தது, அது பம்பரமாக இருக்கலாம்.

சீனருக்கும் எனக்கும் மலாய்தான் பொதுப்பேச்சு. இருவருக்கும் அரைகுறை. அவர் என் தோளைப் பிடித்துக் கடையை விட்டு வெளியே தள்ளிக்கொண்டே போனார். நான் ஏதோ கோபம் என்று நினைத்தேன். நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, "இங்கிருந்து எடு" என்றார். இந்தப் பெட்டி தூரத்தில் இருப்பதைத்தான் பார்க்குமாம், மூக்குக்குக் கீழே இருப்பது தெரியாதாம். அதற்கும் என்னைப் போல வயதாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்த சுருளுக்குத் தள்ளி நின்றேன். ஆனால் தள்ளி நின்றால் சாமான் எல்லாம் கடுகாகத் தெரிந்தது. தரையில் வேண்டாம் என்று முக்காலியின் மேல் வைத்தேன். முக்காலியும் கறுப்பு, பம்பரமும் கறுப்பு. சாப்பாட்டுக்கடையில் வாழையிலைக்கா பஞ்சம்? ஒரு தலைவாழை இலையை விரித்து அதன் மேல் வரிசையாக வைத்தேன். எடுப்பாகத் தெரிந்தது. அஞ்சலை வந்து பார்த்தாள்.

"முக்காலி விளிம்பு பேந்து போயிருக்கு. அக்கா பாத்தா தரித்திரம்னு நினைக்க மாட்டாங்களா?" என்று ஒரு முழம் மல்லிகைச் சரத்தை விளிம்பு மறையத் தொங்கவிட்டாள். "நல்ல காரியத்துக்கு முதல் படம்" என்று குத்துவிளக்கையும் ஏற்றிக் கொண்டுவந்து வைத்தாள்.

சூரியன் முதுகில். பெட்டி வயிற்றில். மூச்சை அடக்கினேன்.

படம் என்றால் அது படம். கொட்டானின் பின்னல் தெரிந்தது, சில்லில் இருந்த பூக்கூடத் தெரிந்தது. சீனர் கட்டைவிரலைத் தூக்கி "பாகுஸ்" என்றார், நன்று என்று அர்த்தம். நான் அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பாயசம் ஊற்றினேன். படம் தபாலில் ஏறியது.

4

ஐப்பசி கடைசியில் ஒரு மத்தியானம், கடையில் பந்தி நடந்துகொண்டிருந்தது. வாசலில் தகரப்பெட்டியும் கையுமாக ஒரு ஆள் உள்ளே வராமல் நின்று என்னையே பார்த்தான். அத்தானின் தம்பி வெள்ளைச்சாமி. ஊரிலிருந்து அப்போதுதான் கப்பலை விட்டு இறங்கியிருக்கிறான்.

"மச்சான்" என்றான். "கொஞ்சம் எந்திரிச்சு இங்குட்டு நடந்து வாரீகளா?"

"ஏன்யா?"

"காலு தரையில படுதான்னு பாக்கணும்."

நடந்தேன். முழங்கால் வலியில் "ஆத்தே" என்றேன். அதற்குப் பிறகுதான் அவன் பெட்டியைக் கீழே வைத்தான். "பேயிக்கு முட்டி வலிக்காது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இலைமுன் உட்கார்ந்துவிட்டான். ரசம் சோறு வரைக்கும் சாப்பிட்டான். பிறகு ஆரம்பித்தான்.

"படம் வந்துச்சு மச்சான். ஒங்க அக்கா வாங்கி மொதல்ல சிரிச்சாக. 'ஏய், இந்தா எஞ் சில்லு! இந்தா நாம் பின்னுன கொட்டான், மூடி கோணலா இருக்கு பாருங்கடி! எந் தம்பியேதான், எந் தம்பியேதான்'னு தெருவக் கூட்டிட்டாக."

"அப்புறம் என்னய்யா?"

"அப்புறம் எலையப் பாத்தாக."

எனக்கு இன்னும் புரியவில்லை.

"எலை, வெளக்கு, பூச்சரம். எலை மேல அந்த ஆளு ஆசையா வச்சிருந்த சாமான். இத என்னன்னு நெனப்பாக? 'அய்யோ, எந் தம்பிக்குப் படையலு போட்டு, அதப் படமும் புடிச்சு அனுப்பிட்டாகளே பாவி மக்க'ன்னு தரையில விழுந்துட்டாக. அதுவரைக்கும் சந்தேகமா அழுதவுக, அன்னைக்கு நிச்சயமா அழுதாக. கருமாதிக்கு நாளும் குறிச்சாச்சு. நல்ல வேளையா சாமியாடி 'ஒடம்பு பாக்காம கருமாதி பண்ணப்படாது'ன்னு தடுத்துட்டாரு. அதான் எங்க அண்ணன் என்னயப் பாத்துட்டு வரச் சொல்லி அனுப்பினாக."

பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை உதறாமல் என்னையே பார்த்தார்கள். அஞ்சலை சமையற்கட்டு வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "நல்லா இருக்கட்டும்னுதானே பூ வச்சேன்" என்றாள்.

அவளுக்குத் தெரியாது. அவள் படையல் பார்த்ததில்லை, சண்முகம் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் படையல் போட வேண்டிய சாவெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கமே நடந்து, அங்கேயே படைத்தும் முடிந்துவிட்டது. ஆனால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்பாவுக்கு நானே இலை விரித்து, அவருடைய வெற்றிலைப் பையை வைத்துக் கும்பிட்டவன். இங்கே ஆயிரம் ஆயிரமாய் இலை போட்டதில், இலை என்றால் சோறு என்று மட்டும் ஆகிவிட்டது.

"தை பொறக்க ரொம்ப நாளில்ல மச்சான்" என்றான் வெள்ளைச்சாமி. "மாப்ள வீட்டுக்காரவுக கார்த்திக தாண்டுனா காத்திருக்க மாட்டாக."

"நீ பாத்துட்டேல்ல, எழுதிப் போடு."

"நான் எழுதினாலும் அது கடுதாசிதான? நேருல போயிச் சொன்னாலும் ஒங்க அக்கா என்னய நம்பாது. அவனும் அங்குட்டுப் போயிக் கூட்டுச் சேந்துட்டான்னு சொல்லும்."

"அப்ப நானே நின்னு ஒரு படம் எடுத்துக்கிறேன்."

அவன் தலையை ஆட்டினான். "நம்மூருல செவத்துல தொங்குறவுக அம்புட்டுப் பேரும் நெட்டுக்குத்தலா நின்னு எடுத்தவுகதான். சும்மா நின்னீகன்னா அதுக்கும் சந்தனப் பொட்டு வச்சுருவாக. செத்தவன் செய்யாத வேலை எதையாச்சும் செய்யிங்க."

5

பம்பரம் விடுவது என்று முடிவாயிற்று. சின்ன வயசில் நான் அதில் சூரன். ஆனால் கை மறந்து போயிருந்தது. முதல் வீச்சில் பம்பரம் பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டில் போய் விழுந்தது. இரண்டாவதில் சாட்டைக்கயிறு என் காதைச் சுற்றிக்கொண்டது. மூன்றாவது வீச்சு அஞ்சலையின் தண்ணீர்ப் பானையைப் பதம் பார்த்தது. அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். "கழுவாத பானைதான், விடுங்க. இன்னொரு தடவை" என்றாள். சாயங்காலம் சாயங்காலம் கடையை மூடி வைத்துவிட்டுப் பழகினேன். கடைசியில் ஒருநாள் பம்பரம் தரையில் நின்று உறுமியது. என்னை அறியாமல் கையைத் தட்டினேன்.

நான் பம்பரம் விடும்போது படம் எடுப்பது யார்? சண்முகம் வேலைக்குப் போயிருந்தான். வெள்ளைச்சாமி பெட்டியைத் தொடவே மாட்டேன் என்றான், அவனுக்கு அது ஆயுளைக் குறைக்கும் சாமான். அஞ்சலையின் வயிற்றோடு பெட்டியை அணைத்து வைத்து, கொத்தமங்கலத்தார் எனக்குச் சொன்னதை நான் அவளுக்குச் சொன்னேன்.

"மூச்சை விடாம அமுக்கு."

"நான் விடமாட்டேன். நீங்க தாராளமா விடுங்க" என்றாள். "நீங்களும் அடக்கிட்டா அதுக்கும் அழுவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு வீசினேன். அவள் அமுக்கினாள்.

மறுநாள் சீனர், சுருளை முடிக்க நான் சும்மா நின்று எடுத்துக்கொண்ட படங்களை மட்டும் உறையில் போட்டு நீட்டினார். ஒன்று குறைகிறதே என்றேன். அது கெட்டுப்போயிற்று என்றார். காசு வேண்டாம் என்றும் சொன்னார். காட்டச் சொன்னேன். தயங்கித் தயங்கி எடுத்தார். அதில் எனக்கு வலது கை இல்லை, கை இருக்க வேண்டிய இடத்தில் புகை. பம்பரம் இல்லை, ஒரு கோடுதான். வாய் காது வரைக்கும் திறந்திருந்தது. வேட்டி ஒரு பக்கம் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தது. சீனர் நல்ல படங்களைக் காட்டிக் காட்டி, இதை அனுப்பு, இதை அனுப்பு என்று தொழில் மானத்தோடு கெஞ்சினார். நான் கெட்டுப்போனதையே வாங்கிக்கொண்டேன். தன் கடை முத்திரையைக் கீழே குத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

கார்த்திகை முடியுமுன் பதில் வந்தது. அத்தான் சொல்லி வாத்தியார் எழுதியது. தையல்கடைக்காரர் வாசிக்க, நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். அக்கா முதலில் படத்தை வாங்கவே மாட்டேன் என்றிருக்கிறாள். பொன்னழகுதான் அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள். அக்கா ரொம்ப நேரம் பார்த்தாளாம். பிறகு, "கையக் காணமே?" என்றாள். "ஆட்டுனதால கலங்கிப்போச்சு ஆத்தா" என்று பொன்னழகு சொன்னாள். அதற்கு அக்கா, "ஆமாடி, செத்தவனுக்குக் கை ஆடுமா? வாயப் பொளந்துக்கிட்டு விடுறான் பாரு. சின்னதுலயே சொல்லுவேன், வாய மூடுடா ஈ போயிரும்னு. இம்புட்டு வயசாகியும் மூடலயே எந் தம்பி!" என்று சொல்லிச் சிரித்து, சிரித்து, கடைசியில் அழுதாளாம். வேட்டியைப் பார்த்துவிட்டு, "இவம் பொண்டாட்டிக்குக் கண்ணு இல்லயா?" என்று கேட்டதையும் வாத்தியார் விடாமல் எழுதியிருந்தார். அஞ்சலை அதைக் கேட்டு ரொம்பச் சந்தோஷப்பட்டாள். நாத்தனார் முதன்முதலாக அவளைப் பற்றிப் பேசியது அதுதான்.

தையில் கல்யாணம் நடந்தது. தாய்மாமன் உட்கார வேண்டிய பலகையில் என் படத்தைச் சாத்தி வைத்தார்கள். வந்தவர்களில் ஒரு அம்மாள் வழக்கம் போல அதற்குப் பூ வைக்கப் போயிருக்கிறாள். "எவளாச்சும் அதுல பூ வச்சீக, கைய முறிச்சுப்புடுவேன்" என்று அக்கா சத்தம் போட்டு, தாலி கட்டுகிற வரைக்கும் பலகையை விட்டு நகரவில்லையாம். மகள் கல்யாணத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை.

இப்போது அக்காவுக்கு ஒரு குழப்பம். போன கப்பலில் கேட்டு அனுப்பியிருக்கிறாள்: கல்யாணம் முடிந்தது, இந்தப் படத்தை எங்கே வைப்பது? சுவரில் இருப்பவர்கள் சாமிகள், இல்லாவிட்டால் செத்தவர்கள். பெட்டிக்குள் வைத்தால் புதைத்த மாதிரி இருக்கிறதாம்.

இதற்கு நான் கடிதம் போடப் போவதில்லை. என் கடிதங்களை அவள் எப்படி நம்புவாள் என்று பார்த்தாகிவிட்டது. ஆகையால் இதை வாசிக்கிறவர்களில் யாராவது கண்டனூர்ப் பக்கம் போனால், தெற்கே எங்கள் பட்டியில் ராக்கம்மா வீடு எது என்று கேளுங்கள், யாரும் காட்டுவார்கள். காது கொஞ்சம் மந்தம், உரக்கச் சொல்லுங்கள். படத்தை அடுப்படியில் வைக்கச் சொல்லுங்கள். அவள் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிற இடத்துக்கு எதிரே, தரையோடு சாய்த்து வைத்தால் போதும். புகை படிந்தால் முந்தானையால் துடைத்துக்கொள்ளட்டும். குழம்பு கொதிக்கிறபோது "உப்புப் போதுமாடா?" என்று ஒரு வார்த்தை என்னைக் கேட்கச் சொல்லுங்கள்.